முப்பது பேரும் ஏறியாச்சு

அத்தானுக்கு உட்காரத் தெரியாது. முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக நின்றே சம்பாதித்தவர், அதனால் அப்படி என்று நீங்கள் சமாதானம் சொல்லலாம். அதே வேலை பார்த்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிவிடுகிறார்கள். இவர் சாப்பிடும்போதுகூட ஒரு காலைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டிருப்பார், யாரோ பிரேக் போடப்போகிற மாதிரி. டிவியில் செய்தி ஓடினால் வாசற்படியில் நின்று கேட்பார். என் அக்காவை அவர் கல்யாணம் செய்து இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் அவர் ஓரிடத்தில் இருந்து நான் பார்த்ததில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இன்னும் மோசம். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அதுதான். காலையில் பால் வாங்க ஒரு நடை, பேப்பர் வாங்க ஒரு நடை, பேப்பர் கடையில் குடையை விட்டுவிட்டதாக ஒரு நடை. பிறகு பஸ் ஸ்டாப்பில் போய் நின்று, எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று பார்த்துவிட்டு வந்து அக்காவிடம் புகார் செய்வார்.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? டிப்போல போய்ச் சொல்லுங்க" என்பாள் அக்கா.

"சொல்லிட்டுத்தான் வர்றேன்" என்பார்.

அக்கா அப்படியே நேர்மாறு. பெயின்ட் கடையில் நிறம் கலக்கிற வேலை அவளுக்கு. சுவரிலிருந்து பெயர்த்த நகத்தளவு காரையைக் கொண்டுவந்து, "இதே கலர் வேணும்" என்று யாராவது நீட்டுவார்கள். அக்கா அதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போவாள், திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வாங்க வந்தவர் கடிகாரத்தைப் பார்ப்பார், அக்கா காரையைத்தான் பார்ப்பாள். கலக்கிக் கொடுத்தால் பழைய சுவர் எது, புதுச் சுவர் எது என்று தெரியாது. கடைக்குக் கம்ப்யூட்டர் மிஷின் வந்த பிறகும் கடைசிச் சொட்டு அவள் கையால்தான். இருபத்தாறு வருஷம் அந்த வேலைக்கு அவள் போனது அத்தானின் பஸ்ஸில், காலை எட்டு பத்து வண்டியில், ஊழியர் குடும்பத்துக்கான பாஸை வைத்துக்கொண்டு.

போன வருஷம் அவள் கலக்கிய ஒரு நீலம் திரும்பி வந்தது. வாழ்க்கையில் முதல் தடவை. கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அக்காதான் நேராகக் கண் டாக்டரிடம் போனாள். இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். ஓரப் பார்வை இருக்கும், நடுப் பார்வை போகும். ஊசி போட்டுப் பார்க்கலாம், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, உறுதியாகச் சொல்ல முடியாது. அக்கா வேலையை விட்டாள். அழவில்லை. நான்தான் அவள் வீட்டுச் சமையலறையில் நின்று அழுதேன், அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"உனக்கு என்னக்கா வேணும், சொல்லு" என்றேன்.

"படம் பாக்கணும்டா. காலண்டர்ல வர்றது இல்ல. நெஜமா ஒருத்தன் நின்னு வரைஞ்ச படம். பெரிய ஊர்ல காட்சிக்கூடம் இருக்காமே. கண்ணு இருக்குறப்பவே ஒரு தடவை ஆற அமரப் பாத்துடுறேன்."

எங்களுக்கெல்லாம் செய்தே பழகினவள். தனக்கென்று அவள் ஒன்று கேட்டது எனக்கு நினைவில்லை. அதனால் விசாரித்து, அந்தப் பெரிய ஊரில் இரண்டு நாள் கலைச் சுற்றுலா ஒன்றில் மூன்று பேருக்கு இடம் பிடித்தேன். மியூசியம், இசை அரங்கம், ஓவியக் காட்சிக்கூடம், நாடகக் கொட்டகை என்று பஸ்ஸிலேயே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். மூன்றாவது ஆள் எதற்கு என்றால், அத்தானை நம்பி அக்காவை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். ஒருவர் விடுவதைப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. அந்த லட்சணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் காலை, சுற்றுலா பஸ்ஸின் முன் மஞ்சள் கொடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வழிகாட்டிப் பெண் நின்றாள். நல்ல பெண். குரல்தான் எறும்புக்கு மட்டும் கேட்கும். "எல்லாரும் வந்துட்டீங்களா?" என்று அவள் கேட்டது மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. அத்தானுக்குக் கை துறுதுறுத்தது. எழுந்துபோய்ப் படியில் ஒரு கால், மேலே ஒரு கால் வைத்து நின்றார்.

"நீ கொடியைப் பிடிம்மா. தலையை நான் எண்ணிக்குறேன்."

ஆள்காட்டி விரலைக் காற்றில் குத்திக் குத்தி இரண்டு மூச்சில் எண்ணி முடித்தார். பிறகு பஸ் பக்கவாட்டில் இரண்டு தட்டு. "போலாம் ரைட்!" டிரைவர் தன்னை அறியாமல் கியர் போட்டார். அந்த நிமிஷம் முதல் அந்தச் சுற்றுலா அத்தானுடையது. வழிகாட்டிப் பெண்ணுக்கும் பெரிய நிம்மதி, பாவம்.

அன்று நாங்கள் என்ன பார்த்தோம்? அத்தானின் முதுகைப் பார்த்தோம். மியூசியத்தில் ஒரு கூடத்தைப் பார்க்க அவருக்கு ஆகிற நேரம், அதை நடந்து கடக்க ஆகிற நேரம். பழைய பானைகள், பழைய வாள்கள், பழைய சிலைகள், எல்லாம் வரிசையாக வருகிற ஸ்டாப்புகள், இறங்க ஆளில்லை என்றால் நிற்கவேண்டாம். சிலைக் கூடத்தில் வழிகாட்டிப் பெண் ஏதோ ஆயிரம் வருஷத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க, வாசலில் கூட்டம் அடைத்துக்கொண்டது. பின்னாலிருந்து ஒரு குரல்: "உள்ள நகருங்க, உள்ள நகருங்க, நடுவுல எடம் இருக்கு பாருங்க!" அத்தனை பேரும் ஆட்டுமந்தை போல் உள்ளே நகர்ந்தோம். படித்தவர்கள், பேராசிரியர் ஒருவர்கூட இருந்தார், அவரும் நகர்ந்தார்.

அடுத்த கூடத்தில் அக்கா ஒரு சின்னப் படத்தின் முன்னால் நின்றாள். ஏரிக்கரையில் புல். "இந்தப் பச்சையில பச்சையே இல்லடா" என்று என் காதில் சொன்னாள். "மஞ்சளும் கறுப்பும் கலந்திருக்கான். கெட்டிக்காரன்." அவள் குரலில் அந்தப் பழைய கடை வாசல் சந்தோஷம் இருந்தது. நான் புல்லைப் பார்த்தேன். எனக்குப் பச்சையாகத்தான் தெரிந்தது.

"பாத்தாச்சா?" என்றார் அத்தான், பக்கத்தில் வந்து.

"இப்பதாங்க நின்னேன்."

"அதான் நின்னுட்டியே. வா வா, அடுத்தது இருக்கு."

அவள் போனாள். அதுதான் எனக்கு எரிந்தது. அவர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போலப் பறப்பார் என்பது தெரிந்த கதை. இவள் ஏன் ஒரு தடவையாவது "நீங்க போங்க" என்று சொல்லக் கூடாது? இசை அரங்கத்திலும் அதே கூத்து. எல்லோரும் உட்கார்ந்திருக்க, அத்தான் பின் சுவரோரம் நின்று, எத்தனை வாசல், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வயலின்காரர் ஒற்றைச் சுரத்தை இழுத்துக்கொண்டே போனபோது இவர் சுவரோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அட, விடுய்யா" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

சாயங்காலம் தங்கும் விடுதியில் அக்கா கேட்டாள். "என்னங்க, நாளைக்கு ஓவியக் காட்சிக்கூடம். அதுல மேல் மாடிதான் நல்லா இருக்குமாம். அங்க மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் விடுங்க."

"பாரேன். யாரு வேண்டாம்னா?" என்றார் அத்தான், அறைச் சாவியைச் சுழற்றிக்கொண்டே. சொல்லிவிட்டு லிஃப்ட் வேலை செய்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் காட்சிக்கூடத்தில் எங்களுக்கு ஒன்றரை மணி நேரம். கீழ்த்தளத்தில் ஏதோ மராமத்து வேலை, சுற்றிச் சுற்றி அழைத்துப் போனதில் முக்கால் மணி போயிற்று. நடுத்தளத்தில் அரை மணி. மேல் மாடிக்கு அக்கா ஏறியபோது மிச்சம் இருந்தது கால் மணி. எனக்கு முட்டி வலி, நான் ஏறவில்லை. அத்தான் மட்டும் ஏறிப்போய், பத்தாவது நிமிஷம், "டைம் ஆச்சு" என்று சொல்லியிருக்கிறார். "நீங்க எறங்குங்க, தோ வர்றேன்" என்றாளாம் அக்கா. இவர் இறங்கிவிட்டார். இறங்கி ஆட்களைத் திரட்டி ஏற்றினார். நான் கடைசி வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டேன். பஸ் என்றாலே எனக்குத் தூக்கம். ஊரிலேயே பெரிய காவல்காரன்!

பயணத்தில் வாந்தி வரும் என்று பயந்த ஒரு டீச்சர், முன்னால் வந்து அக்காவின் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். அத்தான் படியில் நின்று விரலால் குத்திக் குத்தி எண்ணினார். அவருக்கு முகம் வேண்டாம், தலை போதும்.

"சரியா இருக்குங்களா?" என்று வழிகாட்டிப் பெண் கேட்டிருக்கிறாள்.

"முப்பது பேரும் ஏறியாச்சு. போலாம் ரைட்!"

எத்தனை பேர் என்பதை அந்தப் பெண் காதில் வாங்கவில்லை. இரண்டு நாளாக எண்ணுகிற மனிதர் சரி என்கிறார், சரிதான் என்று விட்டுவிட்டாள். பஸ் கிளம்பிவிட்டது.

அடுத்தது ஆற்றுக்கு அக்கரையில் ஒரு நாடகக் கொட்டகை, முக்கால் மணி நேரப் பயணம். அங்கே இறங்கி நுழைவுச் சீட்டைக் கொடுத்துக்கொண்டு வந்தபோது பெண்ணின் கையில் ஒரு சீட்டு மிஞ்சியது. "ஒருத்தர் குறையுறாங்க" என்றாள்.

அவ்வளவுதான், அத்தான் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா! இதுக்குத்தான் தலைபாடா அடிச்சுக்குறது. ஒருத்தருக்காக இத்தனை பேர் காத்துக் கெடக்கணுமா? படிச்சவங்கதானே எல்லாரும்? கூட வந்த ஆளு எங்கன்னு பாத்துக்க மாட்டீங்களா? யாருங்க அது, யாரு கூட வந்தவங்க?" கொட்டகை வாசலில் நின்று இப்படி ஒரு ஐந்து நிமிஷம். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு அவரவர் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள்.

நான் கடைசியாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினேன். "அத்தான், அக்கா எங்க?" என்றேன்.

அவர் வாய் திறந்தபடி நின்றது. பேயறைந்த முகம் என்று படித்திருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன்.

போன் அடித்தோம். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தோம், எடுக்கவில்லை. வழிகாட்டிப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் ஒரு டாக்சியை மறித்தேன். அத்தான் முன் சீட்டில் ஏறினார், பாதி உடம்புதான் சீட்டில், மீதி கண்ணாடிக்கு வெளியே. என் தலைக்குள் என்னென்னவோ ஓடியது. அந்தக் காட்சிக்கூடத்து மாடிப்படி பளிங்கு, விளிம்பே தெரியாது. வெளியே ஆறு வரிசையாக வண்டிகள் போகிற சாலை. கண் கெட்டுக்கொண்டிருக்கிற ஒருத்தி, தெரியாத ஊரில், எங்களைத் தேடி இறங்கியிருந்தால்?

"அந்த சிக்னல்ல லெஃப்ட் எடுங்க" என்றார் அத்தான்.

"சார், இது உங்க ஊரா?" என்றார் டாக்சிக்காரர்.

"இல்ல."

"அப்ப சும்மா வாங்க."

அத்தான் சும்மா வந்தார். அது அதைவிடப் பயமாக இருந்தது. பாலத்தைத் தாண்டும்போது திரும்பாமலே பேசினார். "மச்சான், முப்பதுன்னு எண்ணினேன்."

"மொத்தம் முப்பத்திரண்டு பேர் அத்தான்."

"அதான். நேத்துக் காலைலயும் முப்பதுதான் எண்ணினேன். ஒண்ணு நான். கண்டக்டரை எண்ண மாட்டோம்."

"இன்னொண்ணு?"

"அவ பாஸ்ல வர்றவ. டிக்கெட் எத்தனை, தலை எத்தனைன்னு பாக்குறப்ப பாஸ் ஆளை விட்டுட்டுத்தான் எண்ணுவோம். எட்டு பத்து வண்டில இருபத்தாறு வருஷம் அவ தலையைத் தாண்டித்தான் என் விரல் போகும். நேத்தும் தாண்டியிருக்கு. அதான் இன்னைக்கு அவ இல்லாமலே முப்பது சரியா வந்துடுச்சு. எனக்கே தெரியல மச்சான்."

"இது உங்க பஸ் இல்ல அத்தான்!" என்று கத்திவிட்டேன்.

"தெரியும்" என்றார்.

இன்னும் நிறையக் கேட்டிருப்பேன். இருபத்தொன்பது வருஷத்துக் கோபம் பாக்கி இருந்தது. ஆனால் பிழை பார்க்கிறவன் துண்டைப் போட்டுத் தூங்கினானே, அவன் எந்த வாயால் கேட்பான்? பல்லைக் கடித்துக்கொண்டு போனை மறுபடி அடித்தேன்.

காட்சிக்கூடத்துப் படிகளை அத்தான் இரண்டிரண்டாக ஏறினார். வாசலில், பெஞ்சுகளில், கீழே எங்கேயும் அவள் இல்லை. என் முட்டியைப் பிடித்துக்கொண்டு நான் மேல் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். நீளமான கூடம், ஆளே இல்லை. கடைசியில் ஒரு காவல்காரப் பெண். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில், மடியில் கைப்பையோடு, அக்கா. அவள் முன்னால் சுவரில் ஒரு பெரிய படம், மூன்று பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து துணி மடிக்கிறார்கள்.

உயிர் வந்தது எனக்கு. அத்தானுக்கு உயிரோடு குரலும் வந்துவிட்டது.

"அறிவிருக்கா உனக்கு? போன் எடுக்க மாட்டியா? ரோட்டுல எறங்கிட்டியோ, படியில விழுந்துட்டியோன்னு நாங்க என்ன பாடு படுறோம்! இங்க உக்காந்து படம் பாத்துட்டு இருக்கே!"

காவல்காரப் பெண் உதட்டில் விரல் வைத்தாள். அவர் காதில் அது எங்கே ஏறும்? அக்காவின் முன்னால் இப்படி மூன்றடி, அப்படி மூன்றடி, குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டே கத்தினார்.

"பஸ் கெளம்பினது ஜன்னல் வழியாத் தெரிஞ்சுதுங்க" என்றாள் அக்கா.

"பாத்துட்டு சும்மாவா இருந்தே? ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணியிருக்கலாம்."

"ஏன் பண்ணல?"

"பண்ணினா வந்துடுவீங்களே."

அத்தான் ஒரு நடையை நிறுத்தி, மறுபடி நடந்தார்.

"பயந்துடுவீங்கன்னு தெரியும். தப்புதான்" என்றாள் அக்கா. "இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம்னு இருந்துட்டேன். இந்தப் பொண்ணு ஸ்டூல் கொண்டாந்து போட்டுச்சு. எத்தனை நாளாச்சுங்க ஒண்ணை இப்படி முழுசாப் பாத்து."

நான் அவளைப் பார்த்தேன். வாடிய முகமில்லை. மாநிலத்திலேயே முதலாவதாக வந்த பிள்ளையின் முகம். எனக்குக் கோபம் போய், வெட்கமாக இருந்தது.

அத்தான் நடந்துகொண்டே சொன்னார். "தப்பு என்னுது. நான் உன்னைச் சேக்காமதான் எண்ணியிருக்கேன். நேத்துலேருந்து." அதைச் சொல்லாமலே அவர் தப்பித்திருக்கலாம். வழிகாட்டிப் பெண் பழியை ஏற்கனவே தன் தலையில் போட்டுக்கொண்டு அழுதாள்.

"எட்டு பத்துல எண்ணுற மாதிரிதானே?" என்றாள் அக்கா. "விரலு என்கிட்ட வர்றப்ப ஒரு எட்டு தாண்டும். நேத்தே பாத்தேன்."

"பேசுறப்ப என்னைப் பாத்துப் பேசு. சுவத்தைப் பாத்துப் பேசுறே. கோவமா?"

"உங்களைத்தாங்க பாக்குறேன்."

அவள் கண் அவர் முகத்தில் இல்லை. காதைத் தாண்டி, கையகலம் தள்ளி, வெறும் சுவரில் இருந்தது. அவர் நகர நகர அதுவும் பின்னாலேயே போனது.

"நேராப் பாத்தா மொகம் இருக்குற எடத்துல ஒண்ணும் இல்லைங்க. சாம்பல் பூசின மாதிரி ஒரு திட்டு. காதுக்குப் பக்கத்துல பாத்தா, ஓரத்துல மொகம் வருது. டாக்டர்தான் சொல்லிக் குடுத்தாரு. இந்தப் படத்தையும் அப்படித்தான் பாத்துட்டு இருக்கேன். கொஞ்சம் நேரம் புடிக்கும், ஆனா வருது. படம் ஆடாது பாருங்க."

"எத்தனை நாளா?" என்றார் அத்தான்.

"நாலு மாசம் இருக்கும்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்ல வாயைத் தொறக்குறதுக்குள்ள நீங்க வாசல் தாண்டிடுறீங்க." குற்றம் சொல்லும் குரலே இல்லை அது. "இங்க வாங்க. இப்படிச் சுவத்தோரமா நில்லுங்க. ஆடாம."

அத்தான் போய்ப் படத்துக்குப் பக்கத்தில், சுவரில் முதுகு படும்படி நின்றார். பிடித்துக்கொள்ளக் கம்பி தேடி வலது கை மேலே போயிற்று. அங்கே கம்பி இல்லை, கை இறங்கி வந்தது. அக்கா ஸ்டூலைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, தலையைச் சாய்த்து, அவர் இடது காதுக்குப் பக்கத்தில் ஓரிடத்தைப் பார்த்தாள். அந்தக் காலத்தில் காரைத் துண்டை வெளிச்சத்தில் பார்ப்பாளே, அந்தப் பார்வை. அத்தானின் பையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்து, திரும்ப அடித்தது. அவர் எடுக்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அக்கா, "என்னங்க இப்படி எளைச்சுப் போயிட்டீங்க?" என்றாள்.

அத்தான் உதட்டை இறுக்கிக்கொண்டார். வாயைத் திறந்தால் முகம் ஆடிவிடும் என்று பயந்தாரோ என்னவோ. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்காமல் அப்படியே நின்றார்.